குளிர்சாதனக் காரில் நீர்க் கசிவு

ஆனி மாதம் பிறந்துவிட்டால், ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில் உள்ள சாந்த்ராகாச்சியில் காற்று நனைந்த துணியைப்போல் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். ரயில் நிலையத்தை அடுத்துள்ள பெரிய ஏரியில் குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்ப்பறவைகள் அதற்கு வெகு நாள் முன்பே போய்விட்டிருக்கும். ஏரி மட்டும் இருக்கும். அதன் ஈரமும் இருக்கும். கோனா விரைவுச் சாலையில் லாரிகள் எழுப்பும் புழுதி அந்த ஈரத்தோடு கலந்து, வீட்டு ஜன்னல்களிலும் வண்டிக் கண்ணாடிகளிலும் மெல்லிய சேறாகப் படியும். இத்தகைய நாட்களில் கார் வைத்திருப்போர் பலர் ஒரு விந்தையைக் காண்கின்றனர். வானத்தில் மழை இல்லை, கண்ணாடிகள் மூடியிருக்கின்றன, ஆயினும் வண்டியின் உள்ளே, முன்னிருக்கையில் இடப்பக்கம் அமர்ந்தவரின் காலடியில் நீர் தேங்கி நிற்கிறது. இந்த நீர் எங்கிருந்து வருகிறது, இதைப் போக்கும் வழி யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது ஓர் அற்பமான விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. சொந்த ஊரைவிட்டு வெளி மாநிலத்தில் வாழும் நம்மவருள் பலர், பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்குகிறார்கள். சிலர் கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். வண்டியில் நீர் கசிந்தால், பழகாத ஊரில், பழகாத மொழியில், ஒரு பட்டறையை நாட வேண்டியிருக்கிறது. அங்கே “கேஸ் போய்விட்டது” என்கிறார் ஒருவர். “டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும்” என்கிறார் மற்றொருவர். காரணம் தெரியாதவர் இரண்டுக்கும் தலையசைத்து, ஒரு மாத வருமானத்தை அங்கேயே வைத்துவிட்டு வருகிறார். நீரோ மறு வாரமும் கசிகிறது. காரணம் தெரிந்தவருக்கு இந்தத் துன்பம் பெரும்பாலும் அரை மணி நேர வேலையாக முடிந்துவிடும்.

முதலில் ஒரு பழைய செய்தியைப் பார்ப்போம். 1833-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பல் ஒன்று கல்கத்தாத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்த சரக்கு பனிக்கட்டி. பிரடெரிக் டியூடர் என்னும் வணிகர் குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கடல் கடந்து அனுப்பினார். புறப்படும்போது 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு சேர்ந்தது சுமார் 100 டன். பின்னர் 1842-இல் சென்னைக் கடற்கரையிலும் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று அழைப்பது அதனைத்தான். கல்கத்தாவில் பிறந்த விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் சென்னை வந்தபோது தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான்.

அந்நாளில் பனிக்கட்டி இட்ட கண்ணாடிக் கோப்பையை முதன்முதலாகக் கையில் ஏந்தியவர்கள் அதன் வெளிப்புறம் நனைவதைக் கண்டு வியந்திருக்கக்கூடும். கோப்பையில் ஓட்டை இல்லை. உள்ளிருந்த நீரும் வெளியே வரவில்லை. சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவியே குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டு நீராயிற்று. புல் நுனியில் காலையில் காணும் பனித்துளியும் இவ்வாறு உண்டாவதே. அது வானிலிருந்து விழுவதன்று. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814-இல் வெளியிட்ட நூலில் இதனைச் சோதனைகளோடு விளக்கினார். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ, அந்நிலையைப் பனிநிலை என்பார்கள். கார் நீர்க் கசிவின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

குளிர்சாதனம் தோன்றிய வரலாறும் இதையே உறுதி செய்கிறது. 1902-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் புரூக்லின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் பெருந்தொல்லை ஏற்பட்டது. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் போனதால், ஒரு வண்ணத்தின்மேல் மற்றொரு வண்ணம் சரியாகப் பொருந்தவில்லை. வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் காற்றைச் செலுத்தினால், காற்றின் ஈரம் சுருளில் நீராகப் படிந்துவிடும். காற்று உலர்ந்து வெளிவரும். அதாவது இந்த இயந்திரம் முதன்முதலில் மனிதர்களுக்குக் குளிர்ச்சி தருவதற்காக அமைந்ததன்று. காற்றிலிருந்து நீரைப் பிரிப்பதற்காகவே அமைந்தது. குளிர்சாதனத்திலிருந்து நீர் வருவது அதன் குற்றமன்று, அதன் தொழில் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வண்டியில் இது ஏறியது சற்றுப் பிந்தித்தான். 1939-இல் அமெரிக்கப் பாக்கார்டு நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரை மக்களுக்குக் காட்டியது. குளிர்ச் சுருள் பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்தது. குளிர்ச்சி வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்டைக் கையால் கழற்ற வேண்டும்! 1954-இல் நாஷ் நிறுவனம் தன் அம்பாசடர் முதலிய கார்களில் சாதனம் முழுவதையும் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது. நம் நாட்டு அம்பாசடர் அதனினும் வேறானது. அது சாந்த்ராகாச்சிக்கு வடக்கே, ஹூக்ளி மாவட்டத்து ஹிந்த்மோட்டாரில் 2014 வரை உருவானது. குளிர்ச் சுருள் முன்னால் வந்து டேஷ்போர்டுக்குள் புகுந்துகொண்டபின், அதில் உண்டாகும் நீரும் பயணியின் முழங்காலுக்கு அருகிலேயே உண்டாகத் தொடங்கிற்று.

இனி இக்காலத்துக் காரின் அமைப்பைப் பார்ப்போம். டேஷ்போர்டின் உள்ளே, பெரும்பாலான வண்டிகளில் நடுவிலோ இடப்பக்கத்திலோ, ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் அலுமினியத் தகடுகள் நெருங்கிய ஒரு சுருள் உண்டு. பட்டறைக்காரர்கள் இதைக் ‘கூலிங் காயில்’ என்பார்கள். இச்சுருளினுள் குளிர்பதன வாயு ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவதால், சுருள் உறைநிலைக்குச் சற்று மேலான குளிர்ச்சியை அடைகிறது. ஒரு விசிறி காற்றை இதன் வழியே தள்ளுகிறது. காற்று குளிர்கிறது, அதிலுள்ள நீராவி தகடுகளில் துளித்து வழிகிறது. வழிந்த நீர் பெட்டியின் அடித்தட்டில் சேர்ந்து, விரல் பருமனுள்ள ஒரு ரப்பர்க் குழாய் வழியே வண்டிக்கு அடியில், தரையில் சொட்டுகிறது. இக்குழாய்க்கு ‘டிரெயின் பைப்’ என்று பெயர். நாம் இதனை வடிகுழாய் என்போம்.

எவ்வளவு நீர் சேரும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மழைக்காலத்தில் கல்கத்தா வட்டாரத்தில் வெப்பம் 32 பாகை செல்சியஸும், ஈரப்பதம் 75 விழுக்காடும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 10 பாகைக்குக் குளிர்வித்தால் சுமார் 9 கிராமுக்குமேல் நீராவியை அதனால் தாங்க இயலாது. எஞ்சிய 16 கிராம் நீராகிவிடும். மணிக்கு 60 கன மீட்டர் வெளிக்காற்று வண்டிக்குள் வந்தால், அந்த ஒரு மணியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் சேரும். வடிகுழாய் அடைத்திருந்தால் அந்த ஒரு லிட்டரும் பெட்டியில் நிரம்பி, விளிம்பு கடந்து, காலடிக் கம்பளத்தில் இறங்கும்.

ராஜஸ்தானிலோ விதர்ப்பத்திலோ வாழும் நேயர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சித்திரை வைகாசியில் வெப்பம் 42 பாகையாகவும் ஈரப்பதம் 15 விழுக்காடாகவும் இருக்கும்போது, ஒரு கன மீட்டரில் 9 கிராம் நீராவிகூட இராது. அப்போது வண்டிக்கு அடியில் நீர் சொட்டாவிட்டால் அதைப் பழுது என்று எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. அதே வண்டி ஆடி மாதத்தில் நீர் சொட்டாவிட்டால் ஐயுற வேண்டும்.

இப்பொழுது நோயறியும் முறைக்கு வருவோம். மருத்துவர் மருந்தெழுதுமுன் நாடி பார்ப்பதைப்போல, நாமும் வண்டியின் உள்ளே இருப்பது எந்த நீர் என்று முதலில் அறிய வேண்டும். காருக்குள் நீர் மூன்று வழிகளில் வரலாம்.

ஒன்று, குளிர்சாதன நீர். இது நிறமற்றது, பிசுபிசுப்பு இல்லாதது. குளிர்சாதனம் ஓடும்போதோ, ஓடி நின்ற சற்று நேரத்திலோ, முன்னிருக்கையின் காலடியில் தோன்றும்.

இரண்டு, மழைநீர். குளிர்சாதனத்தை ஒரு வாரம் இயக்காதிருந்தும், மழை பெய்தபின்போ வண்டியைக் கழுவியபின்போ ஈரம் காணுமாயின், அது மழைநீர்தான். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தில் சருகுகள் அடைத்திருக்கலாம். கதவு ரப்பர் கிழிந்திருக்கலாம். கூரையில் திறக்கும் கண்ணாடி உள்ள வண்டியாயின், அதன் ஓரத்து நீர்வழி அடைத்திருக்கலாம்.

மூன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம். உள்ளே ஹீட்டர் உள்ள வண்டிகளில், அதன் சுருள் ஓட்டையானால் இந்தத் திரவம் காலடியில் கசியும். இது பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறத்தோடு, தொட்டால் வழவழப்பாகவும், இனிப்பு மணத்தோடும் இருக்கும். முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் மங்கும். இது நஞ்சு. நாவில் வைத்துப் பார்க்கவே கூடாது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நெருங்காமல் காக்க வேண்டும். எஞ்சின் சூடேறிக் கெடும் அபாயமும் இதில் உண்டு. ஆதலால் இதைக் கண்டவுடன் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லியனுப்புவதே தக்கது.

இம்மூன்றையும் பிரித்தறிய ஒரு வெள்ளைத் துணி போதும். ஈரத்தில் ஒற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நிறமும் வழவழப்பும் இல்லையெனில், அடுத்த சோதனைக்குப் போகலாம்.

இரண்டாவது சோதனை வண்டிக்கு அடியில் நடப்பது. புழுக்கமான நாளில், உலர்ந்த சமதளத் தரையில், திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டலாகாது. புகைநச்சு உயிருக்கே கேடு செய்யும். குளிர்சாதனத்தை இயக்கி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, 15 அல்லது 20 நிமிடம் காத்திருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். தரையில் நீர் சொட்டியிருந்தால் வடிகுழாய் வேலை செய்கிறது. தரை உலர்ந்திருந்து உள்ளே ஈரமிருந்தால், குழாய் அடைத்திருக்கிறது. இரண்டிடத்திலும் நீர் இருந்தால், குழாய் பாதியடைத்தோ, பெட்டியை விட்டு நழுவியோ இருக்கலாம். வண்டி திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் அலையும் ஓசை கேட்டால், பெட்டி நிறைந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டா.

சாந்த்ராகாச்சியில் நம் அண்டை வீட்டில் இருக்கும் தமிழ் அன்பர் ஒருவர் பட்ட பாட்டை இங்கே சொல்லலாம். அவருடைய காரில் ஆவணி மாதம் முழுவதும் நீர் கசிந்தது. ஒரு பட்டறையில் கேஸ் குறைந்துவிட்டது என்று கூறி நிரப்பினார்கள். பத்து நாளில் மீண்டும் கசிந்தது. மறுபடியும் நிரப்பினார்கள். அதற்குள் கம்பளத்தில் பூஞ்சை பிடித்து, அவருடைய சிறு மகளுக்கு வண்டியில் ஏறினாலே இருமல் வரத் தொடங்கியது. பள்ளிக்குப் பேருந்தில் போகிறேன் என்று அந்தக் குழந்தையே சொல்லிவிட்டாள். ஒருநாள் சாலையோரத்தில் டயர் ஒட்டும் வயது முதிர்ந்த வங்காளி மிஸ்திரி ஒருவரிடம் அன்பர் இதைச் சொன்னார். அவர் வண்டிக்கு அடியில் கையை நீட்டி, ரப்பர்க் குழாயின் நுனியை இருமுறை நசுக்கினார். மண்ணுருண்டை ஒன்று விழுந்தது. அதைத் தொடர்ந்து ஒரு குவளை அளவு கறுத்த நீர் கொட்டியது. “தாதா, இது குளவி கட்டிய வீடு. கேஸ் என்ன செய்யும்?” என்றார் அவர். தேநீருக்குமேல் கூலி வாங்கவும் அவர் உடன்படவில்லை.

குளிர்பதன வாயு மூடிய சுற்றில் ஓடுவது. அது குறைந்தால் குளிர்ச்சி குறையும். காலடியில் நேரே நீர் கொட்டாது. குளிர்ச்சி குறையாமல் நீர் மட்டும் கசியும் வண்டிக்கு வாயு நிரப்புவது, கூரை ஒழுகும் வீட்டில் அடுப்பை மாற்றுவதைப் போன்றது.

அடைப்பு நீக்கும் முறையைச் சொல்வோம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, புகைக்குழாய் ஆறும்வரை காத்திருங்கள். வடிகுழாயின் நுனி பெரும்பாலும் முன்பக்கத்தில், எஞ்சின் அறைக்கும் பயணியர் அறைக்கும் இடைப்பட்ட சுவரின் கீழ்ப்பகுதியில் தெரியும். வண்டியுடன் தந்த கையேட்டிலோ, அதே வகை வண்டியை அறிந்தவரிடமோ இடத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. அருகே செல்லும் அலுமினியக் குழாய்களும், தடித்த ஹீட்டர்க் குழாய்களும் வேறு; அவற்றைத் தொட வேண்டா. வெறும் ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருநாளும் தலை வைக்கக் கூடாது. கை எட்டாதாயின், வண்டியைப் பள்ளமேடையுள்ள பட்டறையில் ஏற்றியே பார்க்க வேண்டும்.

நுனி கிடைத்ததும் முதலில் அதை விரல்களால் பிசையுங்கள். பல வண்டிகளில் பூச்சிகள் நுழையாதபடி நுனி வாத்தின் வாய்போல் ஒட்டியிருக்கும்; அங்கேதான் சேறு தங்கும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீர் திடீரென்று கொட்டும். அதற்கும் அசையாவிடில், வளையும் மெல்லிய பிளாஸ்டிக் இழையைச் சில அங்குலம் மட்டும் மெதுவாக நுழைத்துச் சுழற்றலாம். இரும்புக் கம்பி ஆகாது. அது உள்ளே சென்று அலுமினியச் சுருளைக் குத்திவிட்டால், காசில்லா வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும். ஈரத்தையும் இழுக்கும் உறிஞ்சு கருவி இருந்தால், குழாய் நுனியில் வைத்துக் கீழ்நோக்கி உறிஞ்சுவது மிக நல்ல முறை. டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை முழு அழுத்தத்தில் மேல்நோக்கிச் செலுத்தினால், குழாயே பெட்டியை விட்டுக் கழன்றுவிடக்கூடும். சேறும் விசிறியின்மீது தெறிக்கும். காற்றடிக்க நேர்ந்தால் மிகக் குறைந்த அழுத்தத்தில் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். முடிந்தபின் முன்சொன்ன சோதனையை மீண்டும் செய்து, தரையில் சொட்டுவதைக் கண்ணாரக் காணுங்கள்.

குழாய் திறந்தே இருந்தும் உள்ளே நனைகிறதெனில், வேறு காரணம் தேட வேண்டும். பெட்டியிலிருந்து குழாய் நழுவியிருந்தால் மீண்டும் பொருத்தினால் போதும். குளிர்ந்த குழாயைச் சுற்றியுள்ள பஞ்சுறை கிழிந்திருந்தால், பனிக்கட்டிக் கோப்பையைப்போல் அதன்மேல் நீர் துளிக்கும். உறையைப் புதுப்பிக்க வேண்டும். நெடுந்தூரம் செல்கையில் காற்றின் வேகம் சிறுகச் சிறுகக் குறைந்து, வண்டி நின்றபின் மிகுதியாக நீர் வந்தால், சுருளில் பனிக்கட்டி உறைந்து பின்பு உருகுகிறது என்று பொருள். ஏ.சி. ஃபில்டர் அழுக்கடைந்திருத்தல், வெப்பமறியும் உறுப்புக் கெட்டிருத்தல், வாயு குறைந்திருத்தல் ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகும். வாயுவுக்கும் நீர்க் கசிவுக்கும் தொடர்புள்ள இடம் இது ஒன்றே. அப்போதும் அழுத்தத்தை அளந்து, வாயு வெளியேறும் ஓட்டையைக் கண்டு அடைத்தபின்தான் நிரப்ப வேண்டும். பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடவும் விடலாகாது. இந்நாளில் பெருவழக்கில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லையெனினும், ஒரு கிலோ வாயு நூறு ஆண்டுக் கணக்கில் 1,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு செய்யும் அளவுக்கு உலகத்தைச் சூடேற்றும்.

நீரை நிறுத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. கம்பளத்தின் மேற்புறம் உலர்ந்தாற்போல் தோன்றினும், அடியில் உள்ள பஞ்சு நீரைப் பல நாள் வைத்திருக்கும். அங்கே பூஞ்சை வளரும், மின்கம்பி இணைப்புகள் களிம்பேறும், தரைத்தகடு துருப்பிடிக்கும், மார்கழிக் காலையில் கண்ணாடியின் உட்புறம் மூடுபனி படர்ந்து சாலையை மறைக்கும். ஆதலின் மிதியடிகளை எடுத்துவிட்டு, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அடியில் பழைய செய்தித்தாள்களைத் திணித்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் கிட்டாத மழைக்காலத்தில் கதவைத் திறந்துவைத்து மேசை விசிறியை ஓடவிடலாம். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற மின் இணைப்புகள் தென்பட்டால் கைவைக்காதீர்கள். அவை உயிர்காக்கும் காற்றுப்பையைச் சேர்ந்தவை.

வருமுன் காப்பதற்குச் சில பழக்கங்கள் உண்டு. மரத்தடியில் வண்டியை நிறுத்துவோர் வைப்பருக்கு அடியில் உள்ள சருகை வாரந்தோறும் அகற்ற வேண்டும். ஏ.சி. ஃபில்டரைக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே மாற்ற வேண்டும். வீடு சேர்வதற்குச் சில நிமிடம் முன்பு குளிர்ச்சியை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால், சுருள் உலரும். பூஞ்சை மணம் குறையும். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது செலவில்லாத காப்பு.

இந்த அறிவு காரோடு நிற்பதன்று. வீட்டுச் சுவரில் மாட்டிய குளிர்சாதனத்திலிருந்து நீர் வழிவதும் இதே காரணத்தால்தான். சாந்த்ராகாச்சியிலிருந்து சென்னைக்கு ஓடும் குளிர்சாதன ரயிலில் நம்மவர் பலர் ஊருக்குப் போய் வருகிறார்கள். இக்காலத்துப் பெட்டிகளில் சாதனம் கூரையின்மேல் இருக்கிறது. அதன் அடித்தட்டின் நீர்வழி அடைத்தால், மேல் படுக்கையில் உறங்குபவரின்மேல் சொட்டும். அப்போது கூரை ஒழுகுகிறது என்று மட்டும் சொல்லாமல், நீர்வழி அடைத்திருக்கிறது என்று பெட்டிப் பணியாளரிடம் சொன்னால், குறையும் விரைந்து தீரும்.

மொழி பற்றி ஒரு சொல் சொல்லி முடிப்போம். வெளி மாநிலத்தில் நம்மை ஏமாற்றுவதற்கென்றே எல்லோரும் காத்திருப்பதாக எண்ணுவது தவறு. நம்மால் குறையைச் சரியாகச் சொல்ல இயலாதபோது, கேட்பவரும் தமக்குத் தெரிந்த வேலையையே செய்துவிடுகிறார். வங்காளத்தில் “காடிர் பெதொரே ஜொல் பொர்ச்சே” என்றால் வண்டிக்குள் நீர் விழுகிறது என்று பொருள். “ஆகே டிரெயின் பைப்டா தேகுன்” என்றால், முதலில் வடிகுழாயைப் பாருங்கள் என்று பொருள். இந்தி வழங்கும் இடங்களில் “பஹ்லே டிரெயின் பைப் தேகியே” எனலாம். இவ்விரண்டு வாக்கியங்களைச் சொன்னால் போதும். குறையை அறிந்து வந்திருக்கிறார் என்று பட்டறைக்காரருக்கு விளங்கிவிடும். பிறகு அவர் வேறு பழுது சொன்னாலும், ஏன், எதனால் என்று கேட்பது எளிது. மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேட்பதும் எளிது.

நீருக்கு ஒரு வழி வேண்டும். வழி இருந்தால் அது தன் பாட்டில் தரையை அடையும்; வழி அடைத்தால் வீட்டிலும் வண்டியிலும் நம் காலடிக்கே வரும். அடுத்த முறை உங்கள் காருக்கு அடியில் தெளிந்த நீர் சொட்டுவதைக் கண்டால் கவலைப்படாதீர்கள்; அது உள்ளே விழ வேண்டிய நீர் அன்று, வெளியே போக வேண்டிய நீர். அது சொட்டாத புழுக்க நாளில்தான் குனிந்து பார்க்க வேண்டும்.